யானைக்கு வழி விட்டால் போதுமா? வேலி எங்கே போடுவது?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் என்கிற ஊருக்கு மேற்கே சாகாமம் பக்கம் அவர்களுக்கு மூன்று ஏக்கர் வயல். போன பெரும்போகத்தில், அதாவது மாரிக்கால நெற்செய்கையில், கதிர் முற்றுகிற நேரம் யானை இறங்கி ஒரே இரவில் முக்கால்வாசியை மிதித்தும் தின்றும் அழித்துவிட்டது. இந்தியாவில் செய்வது போலக் காட்டுக்குக் காடு ஒரு வழித்தடம் ஒதுக்கி இரண்டு பக்கமும் மின்வேலி போட்டுவிட்டால் யானை அதன்பாட்டில் போய்வரும், நாங்கள் எங்கள்பாட்டில் இருப்போம், இதை ஏன் செய்வதில்லை என்கிறார். அதோடு, ஊருக்குள் வருகிற யானையைப் பிடித்துக்கொண்டுபோய் தேசிய பூங்காவில் விட்டால் என்ன என்றும் கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வழித்தடம் கட்டாயம் வேண்டிய இடங்கள் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமும் இருக்கின்றன, அவை ஒரு தரம் கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. ஆனால் உங்கள் வயலில் இறங்கிய யானைக்கு வழித்தடம் மருந்தாகாது தம்பி. அது எங்கேயோ போகிற வழியில் உங்கள் நெல் வேளாண்மையைக் கண்டு இறங்கவில்லை. அது அங்கேதான் குடியிருக்கிறது.

நான் வெல்லாவெளிப் பக்கத்து ஆள், வயலும் அங்கேதான். சில வருடங்கள் யானை ஆய்வு செய்தவர்களோடு உதவிக்குப் போய் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் மகாஓயாப் பக்கமும் நடந்திருக்கிறேன், இப்போது எங்கள் கண்டத்தின், அதாவது பலருடைய வயல்கள் சேர்ந்த எங்கள் வயல்வெளியின், வேலிக் குழுவில் இருக்கிறேன். வயல் அழிந்த வீட்டின் நிலைமையும் தெரியும், யானையின் நிலைமையும் ஓரளவு தெரியும். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

வழித்தடம் என்றவுடன் நாங்கள் நினைப்பது ஒரு றோட்டை, இந்தக் காட்டில் ஏறி அந்தக் காட்டில் இறங்குகிற மாதிரி. சில இடங்களில் அது உண்மைதான். நீலகிரியில் சீகூர் பீடபூமி அப்படிப்பட்ட இடம்: ஒரு பக்கம் செங்குத்தாக மலை, மறுபக்கம் மோயாறு வெட்டிய பெரும் பள்ளம், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய தட்டு நிலம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையில் போய்வர யானைக்கு அதுதான் வழி. அங்கே விடுதிகளும் வேலிகளும் வந்து அடைக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 ஒக்டோபரில் யானைக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. சரியான தீர்ப்பு. அந்தத் தரைக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் தரை வேறு. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கே நின்று மேற்கே நடந்தாலும் களப்பு, வயல், குளம், பற்றைக்காடு, திரும்பவும் வயல், திரும்பவும் குளம், அப்புறம்தான் பெருங்காடு. யானையை ஒரு பாதைக்குள் ஒடுக்கி விடுகிற மலையும் இல்லை, பள்ளமும் இல்லை, அது எந்தப் பக்கமும் நடக்கலாம். இன்னொன்று, இலங்கை யானை நெடுந்தூரம் இடம்பெயர்கிற யானையில்லை. கழுத்தில் கருவிப் பட்டி பூட்டி வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு கூட்டம் வருடம் முழுக்கப் புழங்குகிற இடம் பெரும்பாலும் 50 முதல் 150 சதுர கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. நீளம் பத்துக் கிலோமீற்றர், அகலம் பத்துக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எந்தக் குளம் எப்போது வற்றும், எந்த மேட்டில் விளாம்பழம் எப்போது விழும், எந்த வாய்க்கால் கரையால் போனால் நாய் குரைக்காது என்பதெல்லாம் கூட்டத்தின் கிழவிக்குத் தெரியும், அவளுக்குப் பின்னால் நடந்து நடந்து மகளுக்கும் பேத்திக்கும் தெரியும். அந்த இடத்துக்குள்தான் எங்கள் வயலும் வீடும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. யானை ஆய்வாளர் பிருத்விராஜ் பெர்னாண்டோவின் குழு நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து விசாரித்து 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இலங்கை நிலத்தில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை இருக்கிறது, அந்த யானை நிலத்திலும் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மனிதர் குடியிருக்கிறார்கள். யானைக்கு ஒரு நாடு, மனிதனுக்கு ஒரு நாடு என்று பிரிக்கிற மாதிரிக் கோடு எதுவும் தரையில் இல்லை.

மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாக விளங்கப்படுத்துவார்கள். யானையின் வருடமும் பட்டி மாட்டின் வருடமும் கிட்டத்தட்ட ஒன்று. மாரியில் வயலில் வேளாண்மை நிற்கும், அதனால் மாட்டை மாதவணை, மயிலத்தமடு என்று மேட்டுத்தரைக்கு ஏற்றிவிடுவார்கள், அங்கே அப்போது புல்லும் இருக்கும் தண்ணீரும் இருக்கும். மாசி பங்குனியில் வெட்டு முடிந்ததும் மாடு கீழே இறங்கி வெட்டி மிஞ்சிய அரிதாளை மேயும். வெயில் ஏற ஏறக் குளம் வற்றி அடித்தரையில் பச்சைப் புல் முளைக்கும், அப்புறம் அங்கே மேய்ச்சல். யானையும் இதையேதான் செய்கிறது, ஒரு வித்தியாசம், அதை மேய்க்க ஆளில்லை. மழைக்காலத்தில் பற்றைக்காட்டிலும் காடு வெட்டிப் பயிர் செய்து கைவிட்ட சேனையிலும் நிற்கும், வெட்டு முடிந்தால் வயலுக்கு இறங்கும், கோடையில் குளத்துக்குப் போகும். பங்குனியில் வளத்தாப்பிட்டி, மாவடிப்பள்ளிப் பக்கம் போனால் பின்னேரம் நாலு ஐந்து மணிக்கு அரிதாள் வயலில் குட்டிகளோடு கூட்டம் மேய்வதையும், வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சனம் பார்த்துக்கொண்டு நிற்பதையும் காணலாம். அந்த நேரத்தில் அந்த யானைகளால் யாருக்கும் நட்டம் இல்லை. வெட்டி முடிந்த வயல், உதிர்ந்த நெல், முளைத்த புல். அந்தச் சாப்பாடு கிடைப்பதால்தான் குட்டி ஈன்ற பெண் யானைகள் கோடையைத் தாண்டுகின்றன.

வழித்தடம் என்று வரைபடத்தில் ஒரு கோட்டைத் தேடுகிறவர்கள் இந்த வருடக் கணக்கைத்தான் தவறவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து யானைக்கு வழி என்பது இடத்தோடு மாதமும் சேர்ந்தது. அதே வயல் தையில் மூடியிருக்க வேண்டும், பங்குனியில் திறந்திருக்க வேண்டும். அந்த மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரையைக் காப்பாற்றக் கேட்டு 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் உட்கார்ந்தார்களே, அவர்கள் மாட்டுக்காகத்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் அந்தத் தரை உழுது பயிராகிவிட்டால் மாரியில் யானைக்கு இருக்கிற இடமும் சேர்ந்துதான் போகிறது. அப்புறம் அது எங்கே போகும்? கதிர் நிற்கிற வயலுக்குத்தான்.

இந்த யானைகள் எப்படி வயலுக்கும் வயலுக்கும் நடுவில் அகப்பட்டன என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. நாங்கள் பட்டிப்பளை ஆறு என்கிற அதே ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டினார்கள். கீழே காடு வெட்டிக் குடியேற்றம் வந்தது, எங்கள் பக்கத்து 37ஆம் கொலனி, 39ஆம் கொலனி என்கிற பெயர்களெல்லாம் அப்படி வந்தவைதான். மேலே நீரேந்து காட்டைக் காக்க 1954-இல் கல்லோயா தேசிய பூங்கா. மகாவலித் திட்டத்தோடு 1983-இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா வந்தது. இரண்டு தரமும் நினைப்பு ஒன்றுதான், யானை மேலே பூங்காவுக்குள் போய்விடும் என்பது. நாட்டின் கொள்கையே 1959 முதல் அப்படித்தான் இருந்தது: யானையைத் துரத்தி, பிடித்து, வேலி போட்டு பூங்காவுக்குள் அடைப்பது. ஆனால் கீழே இருந்த கூட்டங்களுக்குத் தெரிந்த பத்துக் கிலோமீற்றர் கீழேதான் இருந்தது. காடு துண்டு துண்டாகிப் போனதே தவிர அவை போகவில்லை, மிச்சமிருந்த பற்றைக்குள்ளும் குளத்து ஓரத்திலும் தங்கிவிட்டன.

அப்புறம் யுத்தம். தொண்ணூறுகளில் படுவான்கரையின் மேற்கு விளிம்பிலும் புல்லுமலை, வடமுனைப் பக்கமும் ஊர்கள் காலியாகின. தோட்டம் பற்றையானது, வயலில் நாணல் வளர்ந்தது, கிணற்றடி வரைக்கும் யானை வந்து நின்றது. 2007-க்குப் பிறகு சனம் திரும்பி வந்து காணியைத் துப்பரவாக்கத் தொடங்கியபோது, அந்தக் காணியில் பிறந்து வளர்ந்து குட்டியும் போட்ட யானைகள் இருந்தன. சனத்துக்கு அது அப்பன் பாட்டன் காணி, யானைக்கு அது தாய் காட்டிய இடம். எங்கள் பெத்தா (பாட்டி) திரும்பி வந்து கட்டின குடிசையின் பின்சுவரை மூன்று வருடத்தில் இரண்டு தரம் யானை தள்ளியது. உள்ளே இருந்தது நாலு மூடை நெல், அவ்வளவுதான். பெத்தா யானையைத் திட்டி நான் கேட்டதில்லை, நெல்லை வீட்டுக்குள் வைக்கச் சொன்ன எங்களைத்தான் திட்டுவார், அவர் சொன்னது சரியென்று எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது.

சரி, பிடித்துக்கொண்டுபோய் விடுகிற விசயம். இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். பயிரில் இறங்குவது பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானை, நாங்கள் தனியன் என்பது. அப்படிப்பட்ட ஆண்களை மயக்க ஊசி போட்டு லொறியில் ஏற்றி பூங்காவில் இறக்கி, கழுத்துப் பட்டி பூட்டிக் கவனித்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. சில யானைகள் பிடித்த இடத்துக்கே நடந்து திரும்பிவிட்டன, சில எங்கும் தங்காமல் ஊர் ஊராக அலைந்தன, சில இறக்கிய இடத்துக்குப் பக்கத்தில் தங்கி அங்கே புதுப் பிரச்சினையைத் தொடங்கின. அலைகிற யானைதான் மிகவும் ஆபத்து, அதற்கு அந்த ஊர் தெரியாது, ஊருக்கு அதைத் தெரியாது. எங்கள் கண்டத்தில் இறங்குகிற தனியனை எங்கள் பிள்ளைகளுக்கே தெரியும், அதன் வலது காது கிழிந்தது, எந்த நேரம் எந்தக் கட்டால் ஏறும் என்று சொல்வார்கள். அதைப் பிடித்துக் கொண்டுபோனால் இரண்டு மாதம் நிம்மதி, அப்புறம் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும், அது எந்தக் கட்டால் ஏறும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கூட்டத்தை யானைவெடி போட்டு மொத்தமாகத் துரத்துவது இதைவிட மோசம். போவது குட்டிகளோடு இருக்கிற பெண்கள், பயிரை அவ்வளவாகத் தொடாதவை. ஆண்கள் பதுங்கியிருந்து திரும்பிவிடும். துரத்தி வேலிக்குள் அடைத்த கூட்டங்களுக்கு என்ன நடந்தது என்று தெற்கில் லுணுகம்வெஹெரப் பக்கம் பார்த்தாகிவிட்டது, தோல் எலும்பில் ஒட்டி, குட்டிகள் பட்டினியில் செத்தன. ஒரு யானைக்கு நாளைக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டும். ஏற்கெனவே யானை நிறைந்த பூங்காவுக்குள் இன்னும் ஐம்பதை விட்டால் புல் எங்கிருந்து வரும்?

இப்போது வேலிக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதற்கு நிஜமான பதில் இதில்தான் இருக்கிறது.

நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் யானை வேலி இருக்கிறது, இருந்தும் 2022-இல் 439 யானைகளும் 145 மனிதர்களும் செத்தார்கள், அடுத்த வருடம் யானைச் சாவு இன்னும் கூடியது. வேலி கெட்ட பொருளில்லை, அது நிற்கிற இடம் பிழை. பல வேலிகள் பூங்காவின் எல்லையில் நிற்கின்றன. பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்துக்குரியது, எல்லைக்கு வெளியே இருக்கிற காடு வன பரிபாலனத் திணைக்களத்துக்குரியது, இரண்டும் கடதாசியில்தான் வேறு வேறு, யானைக்கு ஒரே காடு. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. ஊர் இருப்பது அங்கிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளி. அந்த வேலியை யார் நடந்து பார்ப்பது? கொடி ஏறிக் கம்பியில் பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். யாரும் இல்லாத காட்டில் யானைக்கு உடைத்துப் பழக எவ்வளவு நேரமும் உண்டு. கம்பியைத் தொடாமல் காலால் கட்டையை மெல்லச் சாய்க்கும், காய்ந்த மரத்தைத் தூக்கிப் போடும், தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கொம்பன் தானாகவே கண்டுபிடிக்கும்.

வேலி நிற்க வேண்டியது ஊரின் விளிம்பிலும் வயலின் விளிம்பிலும். அடைக்க வேண்டியது எங்களை, யானையை இல்லை. ஊர் வேலி வருடம் முழுக்க நிற்கலாம். வயல் வேலி விதைக்கும்போது போட்டு வெட்டு முடிந்ததும் கழற்றுகிற வேலி. யானை அதற்குக் கிட்டே வந்தால் நாய் குரைக்கும், காவல் வாடியில் இருக்கிறவன் டோர்ச் அடிப்பான், ஆளிருக்கிற இடம் என்று யானைக்குத் தெரியும். வடமேல் மாகாணத்தில் ஊர்க்காரர்களே காசு போட்டு, தாங்களே பராமரித்து, வருடக்கணக்காக இதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2020-இல் பெர்னாண்டோ தலைமையிலான குழு ஜனாதிபதிக்குக் கொடுத்த தேசியச் செயற்திட்டத்தின் நடுநாயகமே இதுதான். அந்தத் திட்டம் இழுபடுவது பற்றி எனக்கு இருக்கிற கோபத்தை இங்கே எழுதினால் முடியாது.

எங்கள் கண்டத்தில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காலை ஆறரைக்கு முறைக்காரர் இரண்டு பேர் நடப்பார்கள், கையில் கத்தியும் வோல்ட் மீற்றரும். இரண்டு கம்பி, நடுவில் மரக்கட்டை, மூலையில் சூரியத் தகடும் பெட்டியும். மாரியில் ஒரே இரவில் கொடி அரை முழம் ஏறிவிடும், குறிஞ்சாவும் பிரண்டையும்தான் எங்களுக்கு எதிரி. எட்டாயிரம் காட்ட வேண்டிய மீற்றர் மூவாயிரம் காட்டினால் எங்கேயோ புல் முட்டுகிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை வீட்டுக்குப் போவதில்லை. அந்த வேலி அடிப்பது ஒரு விநாடிக்கு ஒரு தரம், கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம், அதனால் உயிர் போகாது, யானைக்கும் போகாது பிள்ளைக்கும் போகாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், அது கொலை. யானையும் செத்திருக்கிறது, விடியப்புறம் தண்ணீர் கட்டப் போன மனிதரும் செத்திருக்கிறார்கள். பூசணிக்காய்க்குள் வைக்கிற பன்றிவெடியும் அப்படித்தான். குட்டி கடித்தால் தாடை சிதறி, தின்ன முடியாமல், தண்ணீர்க் கரையில் பத்துப் பன்னிரண்டு நாள் நின்று சாகும். நான் ஒரு தரம் பார்த்தேன். உங்கள் கண்டத்தில் யாராவது அதை வைக்க நினைத்தால் தயவுசெய்து விடாதீர்கள்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை வேலிக்கு வெளியே வரம்புச் சேற்றில் காலடி, உள்ளே தண்ணீர் ஊறி நின்றது, ஓரத்து மடிப்பெல்லாம் அப்படியே பதிந்திருந்தது. முன்னங்கால் அடியின் சுற்றளவைக் கயிறால் எடுத்து அதை இரண்டு மடங்காக்கினால் யானையின் தோள் உயரம் கிட்டத்தட்ட வரும். எடுத்துப் பார்த்தோம், கயிறு நாலரை அடி, அப்படியென்றால் ஒன்பது அடி ஆண். வந்திருக்கிறது, வேலியோரமாக முந்நூறு யார் நடந்திருக்கிறது, இரண்டு இடத்தில் நின்று திரும்பியிருக்கிறது, பிறகு குளத்துப் பக்கம் போய்விட்டது. உள்ளே கதிர் பால் பிடித்து நின்றது. அந்தக் காலையில் அந்தக் கயிறைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லத் தெரியவில்லை. வேளாண்மையும் இருக்கிறது, அவனும் இருக்கிறான்.

ஆனால் பங்குனி வந்ததும் கம்பியைச் சுருட்டுவதுதான் பெரிய போராட்டம். "போட்டதைப் போட்டபடி விடுவோம், ஏன் கழற்றி ஏன் பூட்டி" என்று எல்லோரும் சொல்வார்கள். விட்டால் இரண்டு நட்டம். ஆளில்லாத வயலில் யானை வேலியை உடைத்துப் பழகிவிடும், அடுத்த போகத்தில் அந்தப் பழக்கத்தோடு வரும். மற்றது, அரிதாளும் இல்லை என்றால் பெண்களும் குட்டிகளும் கோடையில் தீனிக்கு வேறு ஊர் வயலைத்தான் தேடும், அந்த ஊரின் தலையில் நாங்கள் ஏற்றிவிட்ட கணக்கு அது. அப்புறம் பட்டிக்காரர்களும் மாட்டை இறக்க வேண்டுமே, அவர்கள் பக்கத்திலிருந்தும் கழற்றச் சொல்லி வற்புறுத்தல் வரும், அது நல்லதே.

இனி, வழித்தடம் நிஜமாகவே வேண்டிய இடங்கள். முதலாவது நில்கல. கல்லோயாவுக்கும் மாதுறு ஓயாவுக்கும் நடுவே பிபிலைக்கும் இங்கினியாகலைக்கும் இடையில் கிடக்கிற மேட்டுக்காடு, நெல்லியும் கடுக்காயும் தான்றியும் நிற்கிற புல்வெளிக்காடு. அந்த இரண்டு பூங்காவையும் தொடுக்கிற நூல் அதுதான், வழித்தடமாகக் காப்பாற்ற வேண்டும் என்று நெடுநாளாகப் பேச்சிருக்கிறது. சோளன் பயிருக்கென்று துண்டு துண்டாக அது வெட்டப்பட்டால் மேலே இருக்கிற யானைகள் இரண்டாகப் பிரிந்துவிடும், வறட்சி வருடத்தில் ஒன்றுக்கு மற்றதன் தண்ணீர் எட்டாது.

இரண்டாவது லகுகல. வெறும் 1,554 ஹெக்டேயர்தான், பூங்கா என்று சொல்லவே சின்னது, ஆனால் கோடையில் கடற்கரைப் பக்கமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அதன் குளங்களில் முளைக்கிற உயரப் புல்லுக்காக நூற்றுக்கு மேல் யானை சேரும். அந்தக் குளங்களை மட்டும் காத்துப் பிரயோசனமில்லை, மேற்கே கல்லோயாப் பக்கத்துக் காடும் தெற்கே பாணமை, குமண வரைக்கும் போகிற காடும் அதோடு ஒட்டியிருக்க வேண்டும். உகந்தையிலிருந்து குமணைக்குள்ளால் கதிர்காமம் நடந்தவர்களுக்கு அந்தக் காடு எவ்வளவு தொடர்ச்சியானது என்று காலுக்கே தெரியும். பொத்துவில் பக்கம் உல்லாச விடுதிக்கும் காணிக்கும் இருக்கிற ஆசையில் நடுவில் ஒரு இடம் அடைபட்டால் போதும். இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை, இந்த இரண்டு இடத்திலும் ஒரு ஏக்கரும் கொடுக்கக்கூடாது.

ரயில் வீதியும் இதே கணக்குத்தான். 2025 பெப்ரவரி 20 விடியலுக்கு முன் மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே ஓடுகிற ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அது நடந்தது ஹபரணைப் பக்கத்துக் கல்லோயாவில், எங்கள் கல்லோயா அல்ல, இரண்டையும் பலர் குழப்புகிறார்கள். யானை கடக்கிற இடங்கள் அங்கே எல்லோருக்கும் தெரிந்தவை, இரவில் அந்த இடங்களில் வேகத்தைக் குறைப்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

குப்பையையும் சொல்ல வேண்டும், அது எங்கள் வெட்கம். அட்டாளைச்சேனைக்கு மேற்கே பள்ளக்காட்டில் காட்டு விளிம்பில் கொட்டிய குப்பையைத் தின்று எட்டு வருடத்தில் இருபது யானை அளவில் செத்தன என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது, உலகம் முழுக்கப் போன படம். வயிற்றுக்குள்ளே சொப்பிங் பைகள், சாப்பாடு சுற்றும் லஞ்ச் ஷீட். கொட்டினவை எங்கள் கரையோர ஊர்கள். யானைக்கு உப்பும் பழச் சாறும் மணக்கிற இடத்தை நாங்களே செய்து கொடுத்துவிட்டு, அது ஊரைத் தேடி வருகிறது என்று சொல்வது நியாயமில்லை.

உங்கள் மூன்று ஏக்கருக்கு வருவோம். தனியே உங்கள் வயலைச் சுற்றி வேலி போடாதீர்கள், காசும் கூட, யானை பக்கத்து வயலுக்குள்ளால் வரும். கண்டம் முழுவதையும் சேர்த்து ஒரு சுற்று, அதுவும் வாய்க்கால், குளக்கட்டு ஓரத்தை யானைக்கு விட்டுவிட்டு. குளத்துக்குப் போகிற அதன் வழியைக் குறுக்கே மறித்தால் எந்த வேலியும் நிற்காது, அதனால் முதலில் வயல் காரியங்களைக் கவனிக்கிற வட்டை விதானையையும் வயதான காவல்காரர்களையும் கூட்டிக்கொண்டு எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்று நடந்து பாருங்கள், பழைய காலடியும் லத்தியும் சொல்லும். வெட்டின நெல்லை வீட்டு அறைக்குள் அடுக்காதீர்கள், ஊர் நடுவில் ஒரு களஞ்சியத்தில் எல்லோரும் சேர்த்து வையுங்கள். பொழுதுபட்டால் குளக்கட்டுப் பாதையில் தனியே சைக்கிளில் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள், குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னும் கண்டிப்பாக. சாவுகளில் எத்தனையோ அந்த நேரத்தில், அந்த மாதிரிப் பாதையில்தான் நடக்கின்றன.

புரட்டாதியில் பெரும்போகத்துக்கு ஆரம்பக் கூட்டம் கூட்டுவார்கள். விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கிற திகதி, மாடு அகற்றுகிற திகதி எல்லாம் அங்கே எழுதுவார்கள். வேலி பூட்டுகிற திகதியையும் முறைக்காரர் பட்டியலையும் அதே கொப்பியில் எழுத வையுங்கள். அதற்குக் கீழே, கூட்டம் கலைவதற்கு முன்பே, கழற்றுகிற திகதியையும் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள் தம்பி, பங்குனியில் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.